கடக்காலில் குடிவந்த தவளைகள்

1

போன வாரம் கடலூர் செம்மண்டலத்திலிருந்து அக்கா போன் செய்தது.

"என்னாடா அது சத்தம்? மில்லுல இருந்தா பேசுற?"

"வீட்லதான்."

"வீட்ல என்னா மிஷினு ஓடுது?"

"தவள."

"தவளையா? ஏன்டா, வீடு கட்டுனேன் வீடு கட்டுனேன்னு சொன்னியே, கெணத்துக்குள்ளயா கட்டுன?"

"கிரகப்பிரவேசத்துக்குக் கூப்ட்டேன். வந்திருந்தா தெரிஞ்சிருக்கும்."

"பிளேனுல நான் ஏற மாட்டேன், அத விடு. தவள இங்க கத்தலியா? மழ பேஞ்சா நம்ம தெருவுல தூங்க முடியாது. அதக் கேக்க நீ கடல் தாண்டிப் போவணுமா?"

"இந்தத் தவள அங்க கெடையாது."

"அப்டி என்னா ஒசத்தி அதுல?"

போனில் எனக்கு விளக்கமாகச் சொல்ல வராது. நாலு வார்த்தைக்கு மேல் போனால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். எழுதினால் பரவாயில்லை. வீடு கட்ட ஆரம்பித்து ஒரு வருஷம் ஆகிறது. அக்காவுக்கும், அக்கா மாதிரி கேட்கிற ஊர்க்காரர்களுக்கும் எழுதி வைக்கிறேன்.

2

நான் இருப்பது மடகாஸ்கர். ஆப்பிரிக்காவுக்குக் கிழக்கே கடலில் கிடக்கிற பெரிய தீவு. மேற்குக் கரையில் மஜூங்கா என்று ஒரு ஊர். நம் கடலூர் மாதிரியே கடலும் உப்புக்காற்றும். மண் மட்டும் சிவப்பு.

கொத்தனாராக வந்தேன். ஒரு குஜராத்தி முதலாளிக்கு அரிசி மில் கட்டுகிற வேலை. மில் முடிந்தது. இருந்துவிடு என்றார். இருந்துவிட்டேன். பிறகு செல்வி வந்தாள். அவள் ஊர் புவனகிரிப் பக்கம், வயல்காரக் குடும்பம். பெண் தேன்மொழி இங்கேதான் பிறந்தாள். கடைசியாக செல்வியின் தம்பி முருகன் மில்லுக்கு எலக்ட்ரீஷியனாக வந்தான். நாங்கள் நாலு பேர்தான் இங்கே எங்கள் ஊர்.

இருப்பதற்கு அட்டை வேண்டும். வருஷா வருஷம் வரிசையில் நிற்க வேண்டும். ஆபீசில் அப்பா பெயரையே என் பெயராக எழுதிவிட்டார்கள். கோவிந்தசாமி என்று கூப்பிட்டால் நான் எழுந்து நிற்பேன். அப்பா செத்து ரொம்ப நாளாகிறது. இங்கே அவரை யாரும் சாகவிடவில்லை.

பாஷை தெரியாத நாளில் ஒரு தடவை ஆபீசர் ஏதோ நீளமாகச் சொன்னார். நான் தலையாட்டி நன்றி சொல்லிவிட்டு வந்தேன். அட்டை கிடையாது, ஊருக்குப் போ என்று சொன்னாராம். முதலாளி போய்ப் பேசி சரி செய்தார். மலகாசி பாஷை இப்போது வேலைக்கு வேண்டிய அளவு வரும். பிரெஞ்சு இன்னும் வராது.

தேன்மொழிக்கு இரண்டும் தண்ணீர் மாதிரி. தமிழ் சாப்பாட்டுக்கு மட்டும். சோறு போடு, குழம்பு ஊத்து, போதும். அக்கா போன் செய்தால் ஒரு ஹலோ சொல்லிவிட்டு பாத்ரூமுக்குப் போய்விடுவாள். ஸ்கூல் படிப்பு முடிகிற வருஷம். அடுத்த வருஷம் தலைநகரத்துக்குப் படிக்கப் போகிறாள். வீடு கட்டப் போகிறேன் என்று சொன்னபோது, எனக்கு ரூம் வேண்டாம், நான் இருக்க மாட்டேன் என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

இத்தனை வருஷம் மற்றவர்களுக்குத்தான் கட்டினேன். மில், குடோன், முதலாளிக்கு இரண்டு பங்களா. நாங்கள் இருந்தது மில்லின் பின்னால் தகரக் கூரை. சொந்தமாக நாலு சுவர் எழுப்பாமல் சாகக்கூடாது என்று ஒரு வைராக்கியம்.

3

வெளிநாட்டுக்காரன் இங்கே நிலத்தை லேசில் வாங்க முடியாது. நீண்ட குத்தகைக்கு எடுக்கலாம். ரசுவா என்று ஒரு அம்மாள். மார்க்கெட்டில் கருவாடு விற்கிறவர். மில்லுக்குப் பின்னால் அவருக்கு ஒரு மனை இருந்தது. எனக்குக் கொடுக்கச் சம்மதித்தார். அவருடைய இரண்டு மகன்களுக்கு இஷ்டமில்லை. வேறு ஆட்கள் கேட்கிறார்களாம். அதனால் ஒரு நிபந்தனை போட வைத்தார்கள். டிசம்பர் கடைசிக்குள் வீட்டுக்கு பேஸ்மட்டம் எழும்பியிருக்க வேண்டும். முனிசிபல் சர்வேயர் வந்து பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். இல்லையென்றால் மனை திரும்ப அவர்களுக்கு.

பேஸ்மட்டம் எனக்கு ஒரு வேலையா? சரி என்றேன்.

அஸ்திவாரத்துக்குக் கடக்கால் எடுத்தேன். நானும் முருகனும் இரண்டு மலகாசி ஆட்களும். இடுப்பளவு ஆழம், வீடு வரப்போகிற இடத்தைச் சுற்றி வாய்க்கால் மாதிரி. உடனே கல் போட்டிருக்கலாம். போடவில்லை.

காரணம் இருக்கிறது. நான் வேலை கற்றது மஞ்சக்குப்பத்தில். அங்கே மேஸ்திரிமார் யாரும் காய்ந்த கடக்காலில் கல் போட மாட்டார்கள். தோண்டின மண் ஒரு மழை குடிக்க வேண்டும். குடித்து அமர்ந்த பிறகு, தண்ணீரை இறைத்துவிட்டு, அடியை இடித்து, அப்புறம்தான் கல். கடலூரில் ஐப்பசியில் கடக்கால் தோண்டிவிட்டு வானத்தைப் பார்த்து உட்கார்ந்திருக்கிற ஆட்கள் நிறைய. முதலாளி வேலையெல்லாம் இங்கே மழை விட்ட பிறகுதான் ஆரம்பிப்போம். அதனால் இந்த வழக்கத்தைச் செய்து பார்க்க வாய்ப்பு வந்ததில்லை. என் சொந்த வீடு. முறைப்படி செய்வோம் என்று நினைத்தேன்.

டிசம்பர் முதல் வாரம் மழை வந்தது. நல்ல மழை. கடக்கால் நிரம்பியது. எனக்குச் சந்தோஷம்.

சாயங்காலம் சத்தம் ஆரம்பித்தது. ஒரு சத்தம், பத்து சத்தம், அப்புறம் எண்ண முடியாது. மில் ஓடுகிறதா என்று முதலாளி வாட்ச்மேனை அனுப்பினார். விடிந்ததும் போய்ப் பார்த்தோம். கடக்கால் முழுக்கத் தவளை. பெரிய நெல்லிக்காய் அளவுதான் ஒவ்வொன்றும். பச்சையும் பழுப்பும் கலந்த முதுகு. உடம்பை பலூன் மாதிரி ஊதிக்கொண்டு தண்ணீர் மேல் மிதந்து கத்தின. எங்கிருந்து வந்தன என்று பார்த்தேன். எங்கிருந்தும் வரவில்லை. காலடியில் மண் பொங்கியது. உள்ளேயிருந்து ஒன்று ஏறி வந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, கடக்காலில் குதித்தது.

தேன்மொழி செருப்பில்லாமல் சேற்றில் நின்றாள். போனில் படம் எடுத்து ஏதோ தேடினாள். பிறகு மலகாசியில் படபடவென்று சொன்னாள். வருஷத்தில் முக்கால்வாசி மண்ணுக்குள்ளேயே இருக்குமாம். முதல் பெரிய மழைக்கு மேலே வந்து, கிடைத்த குட்டையில் முட்டை போட்டுவிட்டு, திரும்ப மண்ணுக்குள் போய்விடுமாம். இந்தத் தீவை விட்டால் உலகத்தில் வேறெங்கும் கிடையாதாம்.

ஒன்றைக் கையில் எடுத்துக் காட்டினாள். பின்னங்காலில் சின்னக் கரண்டி மாதிரி ஒரு புடைப்பு. மண்ணில் விட்டாள். அது எங்களைப் பார்த்தபடியே பின்னங்காலால் தோண்டிப் பின்பக்கமாகவே இறங்கியது. கடைசியில் கண் மட்டும் தெரிந்தது. அதுவும் போனது. மூடின தடம்கூட இல்லை. வாழ்க்கை முழுக்க மண் தோண்டினவன் நான். அப்படி ஒரு சுத்தமான வேலையைப் பார்த்ததில்லை.

அடுத்தடுத்த நாளில் தவளைகள் போய்விட்டன. கடக்கால் தண்ணீரில் மிளகு கொட்டின மாதிரி தலைப்பிரட்டை.

4

"மாமா, பம்பு கொண்டாரேன். அரை நாள்ல வறண்டுடும்" என்றான் முருகன்.

மில்லிலிருந்து டீசல் பம்பைத் தள்ளிக்கொண்டு வந்து போட்டான். ஓஸ் வாயில் தண்ணீர் கொட்டியது. தேன்மொழி அங்கே போய்க் குனிந்து பார்த்தாள். வந்ததெல்லாம் துண்டு துண்டாக வந்தது. அவள் கத்தின கத்தலில் ஆட்கள் மம்பட்டியைப் போட்டுவிட்டார்கள். ஓடிப்போய் பம்பை நிறுத்தினது செல்வி.

"என்னா பண்றீங்க?"

"தண்ணி எறைக்கிறோம்" என்றேன்.

"இதையா தண்ணிங்கிறீங்க? இதுமேல கல்லப் போட்டு மூடி, அதுமேல நான் உலை வைக்கணுமா? கடக்கால்ல நவரத்தினம் போடுவாங்க, நவதானியம் போடுவாங்க. உசுரப் போட்டு மூடுறத நான் கேள்விப்பட்டதில்ல. நான் அந்த வீட்டுக்குள்ள கால வைக்க மாட்டேன்."

"அக்கா, மாசக் கடைசி" என்றான் முருகன்.

"எனக்குக் காலண்டர் பாக்கத் தெரியும்டா."

தேன்மொழி கடக்கால் ஓரத்தில் உட்கார்ந்து, கையால் துண்டுகளை ஒதுக்கிக்கொண்டிருந்தாள். ஏழெட்டு வயதுக்கு அப்புறம் அவள் அழுது நான் பார்த்ததில்லை. அன்றைக்குப் பார்த்தேன்.

முருகன் என்னைத் தனியாகக் கூப்பிட்டான். "மாமா, ரசுவாம்மாகிட்ட ஒரு மாசம் டைம் கேளு. குடுப்பாங்க."

"அவுங்க குடுப்பாங்க. பசங்க குடுக்க மாட்டானுங்க. அவுங்களுக்குள்ள சண்ட வரும்."

"அப்ப என்னா பண்றது?"

தலைப்பிரட்டைக்குக் கால் முளைக்க மூன்று வாரமாவது வேண்டுமாம். காத்திருந்தால் மனை போகும். மூடினால் வீடு இருக்கும், வீட்டில் இருக்க ஆள் இருக்காது. அன்றைக்கு முழுக்க மனையைச் சுற்றிச் சுற்றி நடந்தேன்.

5

வழி செல்வி சொன்னது. காலையில் எண்ணெய் டின் ஒன்றைக் கொண்டுவந்து என் முன்னால் போட்டாள்.

"இத வாயப் பெருசா வெட்டிக் குடுங்க. நாலு மூலையிலயும் ஓட்டை போடுங்க. கயிறு வேணும்."

"எதுக்கு?"

"எறகூடை."

ஊரில் இருக்கிற சின்னப் பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். பள்ளத்தில் இருக்கிற தண்ணீரை மேட்டு வயலுக்கு ஏற்ற, இரண்டு பேர் எதிரெதிரே நின்று, நடுவில் ஒரு கூடையைக் கயிற்றில் கட்டி ஊஞ்சல் மாதிரி வீசி முகந்து ஊற்றுவார்கள். புவனகிரிப் பக்கம் வயல்காரர்கள் வீட்டில் தெரியாதவர் இருந்ததில்லை. நான் கடலூர் டவுன்காரன். பார்த்திருக்கிறேன். கயிற்றைத் தொட்டதில்லை.

மனையின் மூலையில் ஒரு மாமரம். அதன் கீழே பெரிதாக ஒரு குழி வெட்டினோம். கடக்கால் எடுத்த மண்ணில் களியாகப் பார்த்து அடியிலும் ஓரத்திலும் மிதித்துப் பூசினேன். தண்ணீர் நின்றது. கடக்காலிலிருந்து குழி வரைக்கும் ஒரு சின்ன வாய்க்கால். கூடையில் முகந்து வாய்க்காலில் ஊற்றினால் தலைப்பிரட்டை நீந்தியே போய்விடும். பம்பு மாதிரி அரைக்காது.

செல்வி ஒரு பக்கம் நின்றாள். எதிரே நான். முதல் வீச்சில் டின் என் முழங்காலில் அடித்தது. இரண்டாவதில் தண்ணீர் முழுக்க என் மூஞ்சியில்.

"என்னா புடி அது? சிதம்பரம் தேர் வடமா இழுக்குறீங்க? லேசா விடுங்க!"

"லேசாத்தான் விடுறேன்."

"வீடு கட்டத்தான் தெரியும், வீசத் தெரியாது. முருகா, நீ வாடா."

முருகன் கையை விரித்தான். "நான் கரண்டு வேலக்கா. எனக்கு எங்க தெரியும்?"

"நம்ம அப்பா ஒன்ன மட்டும் பாலிடெக்னிக் அனுப்பிச்சாரு. என்னக் கயித்தப் புடிக்க வெச்சாரு. இப்ப எது ஒதவுது பாரு."

தேன்மொழி சிரித்துவிட்டாள். அம்மா சொன்னது பாதிதான் புரிந்திருக்கும். சிரித்தது சிரித்ததுதான்.

மத்தியானத்துக்குள் எனக்கும் பிடி வந்துவிட்டது. குனிய வேண்டாம், கூடையே குனியும். தோள் போனால் போதும். செல்வி மூச்சுக்கு ஒரு தரம் "ஓய்" என்பாள். அந்த ஓய்யில் நான் விட வேண்டும். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து ஒரு வேலை செய்தது அதுதான் முதல் தடவை. அவள் அடுப்படியில், நான் சாரத்தில். அப்படியே ஓடிவிட்டது.

தேன்மொழி வடிகட்டி, சொம்பு, கொசுவலைத் துண்டு என்று வீட்டில் இருந்ததையெல்லாம் எடுத்துக்கொண்டு கடக்காலில் இறங்கினாள். மூலையில் தங்கினதையெல்லாம் அரித்து அரித்துக் குழியில் விட்டாள். மறுநாள் அவள் ஸ்கூல் பிள்ளைகள் வந்தார்கள். ஒருத்தன் கையில் பந்து வலை. இன்னொருத்தி தொப்பியால் முகந்தாள்.

ராத்திரி மழை பெய்து பகலில் இறைத்ததை நிரப்பிவிட்டுப் போகும். திரும்ப இறைப்போம். ஒரு பக்கம் காலியாக்கி, தார்ப்பாய் போட்டு மூடி, அடுத்த பக்கம். காலியான பக்கத்தில் உடனே அடியை இடித்துக் கல் போடுவோம். உள்ளங்கை தோல் உரிந்தது. எரிந்தது. வேலை நடந்தது.

நடுவில் ஒருநாள் ரசுவாம்மா வந்தார். கருவாட்டுக் கூடையை இறக்கி வைத்துவிட்டு, கையை இடுப்பில் வைத்து ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு என்னைத் தள்ளிவிட்டுக் கயிற்றைப் பிடித்தார். செல்வி "ஓய்" என்றாள். அந்த அம்மாள் அதைவிடச் சத்தமாக "ஓய்" என்றார். இரண்டு பேருக்கும் பொதுவாக ஒரு வார்த்தை கிடையாது. எனக்கு வந்ததைவிட நன்றாக வந்தது அவருக்கு. சேலையும் லம்பாவும் சேறாகி, இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் மாமரத்துக் காக்காய்கள் பறந்தன. லம்பா என்பது இங்கே பெண்கள் சுற்றிக்கொள்கிற துணி.

பெரிய மகன் மோட்டார் சைக்கிளில் வந்து, அம்மா கயிற்றோடு நிற்பதைப் பார்த்துவிட்டு வண்டியைத் திருப்பிக்கொண்டு போனான்.

6

கடைசி நாளுக்கு முந்தின நாள், எழும்பி நின்ற பேஸ்மட்டத்தின் மேலே சுற்றிலும் பெல்ட் கான்கிரீட் போட்டோம். கலவை மிஷின் வரவில்லை, மழை என்று சொல்லிவிட்டார்கள். கையால் கலந்தோம். மில் ஆட்கள் சம்பளம் கேட்காமல் வந்து நின்றார்கள். தேன்மொழி தலையில் துணி சுருட்டி வைத்துக் கலவைப் பாண்டுச் சட்டி தூக்கினாள். வேண்டாம் என்றேன். கேட்கவில்லை. இருட்டுவதற்குள் நாலு பக்கமும் மூடியாயிற்று. தார்ப்பாய் போட்டு, நாலு மூலைக்கும் கல் வைத்தேன்.

மறுநாள் சர்வேயர் வந்தார். டை கட்டின சின்ன வயசுக்காரர். பின்னாலேயே ரசுவாம்மாவின் இரண்டு மகன்கள். பின்னால் ரசுவாம்மா. தார்ப்பாயை எடுத்தேன். டேப்பு வைத்து நீளம் பார்த்தார். அகலம் பார்த்தார். உயரம் பார்த்தார். பிளானைப் பார்த்தார். தலையாட்டினார். எனக்கு மூச்சு வந்தது.

பிறகு மாமரத்தடிக்குப் போனார்.

"இது என்ன? பிளானில் இல்லையே."

அனுமதி இல்லாத பள்ளம், பிளான்படி இல்லாத வேலை, இப்படியே கையெழுத்துப் போட முடியாது என்றார். சின்ன மகன் சிரித்தது எனக்குத் தெரிந்தது. நான் வாயைத் திறந்தேன். தெரிந்த மலகாசி எல்லாம் போய்விட்டது. சிமெண்ட், மணல், கயிறு, இவைதான் ஞாபகம் வந்தன.

தேன்மொழி எனக்கு முன்னால் வந்து நின்றாள். முதலில் பிரெஞ்சில் ஆரம்பித்தாள். பிறகு எல்லாருக்கும் புரியட்டும் என்று மலகாசிக்கு மாறினாள். இது பள்ளம் இல்லை, குளம். இந்த மனையில் விழுகிற மழைத்தண்ணீர் எங்கே போகும் என்று உங்கள் பிளானில் ஒரு கோடாவது இருக்கிறதா? தெருவுக்குப் போனால் நீங்களே அபராதம் போடுவீர்கள். அதற்காக என் அப்பா வெட்டினார். இதில் இருக்கிற உயிர் இந்த நாட்டில் மட்டும்தான் இருக்கிறது. மூடச் சொல்கிறீர்களா? சொல்வதானால் எழுதிக் கொடுங்கள்.

இடுப்பில் ஒரு கை. இன்னொரு கை காற்றில். புவனகிரி சந்தையில் கத்தரிக்காய்க்காரனிடம் செல்வி நிற்பது அப்படித்தான். என் பக்கத்தில் முருகன் மெதுவாக, "அக்காவ அப்டியே ஜெராக்ஸ் எடுத்து வெச்சிருக்கு மாமா" என்றான்.

ரசுவாம்மா சர்வேயர் முதுகில் தட்டினார். "அந்தக் குளத்துக்கு நான்தான் தண்ணீர் இறைத்தேன். அதையும் எழுதிக்கொள்" என்றார்.

சர்வேயர் குளத்தைப் பார்த்தார். அப்போதுதான் அவை கரையேறிக்கொண்டிருந்தன. சுண்டுவிரல் நகம் அளவு. சிலவற்றுக்கு வால்கூட முழுக்கப் போகவில்லை. ஒன்று அவர் ஷூவின் மேல் ஏறி, நின்று, அந்தப் பக்கம் இறங்கியது. அவர் காலை அசைக்கவில்லை. அது மண்ணுக்குப் போகும் வரைக்கும் அப்படியே நின்றார். பிறகு பிளானை முருகனின் முதுகில் வைத்து, மாமரம் இருக்கிற மூலையில் பேனாவால் ஒரு வட்டம் போட்டார். அடியில் கையெழுத்துப் போட்டார்.

கோவிந்தசாமி என்று கூப்பிட்டுத் தாளைக் கையில் கொடுத்தார். வாங்கிக்கொண்டேன்.

மகன்கள் வண்டியை எடுத்தார்கள். பெரியவன் போகிறபோது எனக்குக் கை கொடுத்துவிட்டுத்தான் போனான். ஸ்கூல் பிள்ளைகள் பாண்டைத் தட்டிக்கொண்டு பேஸ்மட்டத்தைச் சுற்றி ஓடினார்கள். தேன்மொழி நடுவில் நின்று, சமையல்கட்டு எது, கூடம் எது என்று கையைக் காட்டி அவர்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள். கிழக்குப் பக்கம் ஜன்னல் இரண்டு வேண்டும், குளம் தெரிய வேண்டும் என்று என்னிடம் சொன்னாள். ஒரு ஜன்னல்தான் போட்டிருந்தேன். சரி என்றேன்.

"பாத்துக்கிட்டே நின்னா சொவரு எழும்புமா?" என்றாள் செல்வி. "மார்கழின்னு பாக்காதீங்க. ஒரு கல்ல வெச்சிடுங்க."

பெல்ட் இன்னும் பச்சையாக இருந்தது. இருந்தாலும் மூலையில் ஒரு கல் தாங்கும். கலவை கொஞ்சம் போட்டேன். செங்கல்லை எடுத்தேன். அதன்மேல் ஒரு குட்டித் தவளை. ஊதினேன். குதித்துக் கீழே போனது. கல்லை வைத்தேன். கரண்டிக் காம்பால் இரண்டு தட்டு. ரசமட்டத்தைக் கல்மேல் வைத்துச் சமமாக இருக்கிறதா என்று பார்த்தேன்.

குமிழி நடுவில் வந்து நின்றது.